ஆப்பிரிக்காவுக்கு விட்ட கூடுதல் துணி

1981 நவம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். தல்லாகுளம் கடையில் துணியெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. இஸ்திரிப் பெட்டி சூடேற மாட்டேன் என்கிறது. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்தாயிற்று. கையில் இருப்பது: வக்கீல்களின் கறுப்புக் கோட்டு மூன்று, கவுன் ஒன்று, பித்தான் போன சட்டைகள், கொட்டாவி.

வக்கீல் குருநாதன் வந்தார். கோட்டில் பித்தான் போட முடியவில்லையாம். "மாஸ்டர், துணி சுருங்கிப் போச்சு." பல வருஷமாக நான் தைக்கும் துணி இவருக்கு மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. "ஆமா சார், மழைக்காலம்ல" என்றேன். கோர்ட்டுப் பக்கம் கடை வைத்தவனுக்கு இந்த மாதிரிப் பொய்க்குத் தண்டனை கிடையாது. கோட்டைப் பற்றிக் கவலையும் இல்லை. பக்கத் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி மடித்து விட்டிருக்கிறேன். வக்கீல் சீனியர் ஆனால் வயிறும் சீனியர் ஆகும் என்று தெரியாதா? பிரித்து அகலப்படுத்தினால் தீர்ந்தது. எதை வெட்டினாலும் வரைந்த கோட்டுக்கு வெளியே தள்ளி வெட்டியே பழகிய கை.

சாயந்திரம் ஒத்தக்கடை வீட்டில் செருப்பைக் கழற்றுமுன் செல்வி பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, தீபாவளித் துண்டுத் துணி மிச்சம் கெடக்கா?"

"கெடக்கு தாயி. எம்புட்டு வேணும்?"

"உலகம் செய்ற அளவு."

இருபதாம் தேதி பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. ஒரே ஒரு மாதிரியை மட்டும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்களாம். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு வைராக்கியம். வகுப்பில் பாதிப் பேர் எரிமலை செய்கிறார்களாம். "நான் எரிமலை ஏன் வருதுங்கிறதையே செய்யப் போறேன்ப்பா" என்கிறாள்.

என் மகள். பூகோளத்தால் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதியவனுக்குப் பிறந்தது.

நவம்பர் 10, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பித்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலை முடிந்தது.

செல்வி சொன்னது, மறக்குமுன்:

பூமியின் மேல் ஓடு ஒரே துணி இல்லை. பல துண்டு. துண்டுக்குத் தட்டு என்று பெயர். தட்டுகள் நகர்கின்றன. "அப்ப கண்டம் கடலக் கிழிச்சுக்கிட்டுப் போகுதா?" என்று கேட்டேன். "பட்டன் தானா நடக்குமாப்பா? சட்டை நகந்தா பட்டனும் சேந்து போகுது. கண்டம் பட்டன் மாதிரி. கீழ இருக்கிற தட்டுதான் சட்டை." இதைவிட எந்த வாத்தியார் சொல்லிவிட முடியும்? எனக்கு அன்றைக்கு இப்படி ஒருத்தர் சொல்லியிருந்தால் ஒரே தடவையில் பாஸ்.

கடல் நடுவே நீளமாக ஒரு பிளவு. அதன் வழியே அடியிலிருந்து பாறைக் குழம்பு வந்து இறுகிப் புதுத் தரை ஆகிறது. பழைய தரை இரு பக்கமும் விலகிப் போகிறது. அப்படித்தான் ஒட்டிக் கிடந்த ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்தன.

நம் இந்தியா ஆப்பிரிக்கா பக்கத்திலிருந்து கிளம்பி வந்ததாம். கடலைத் தாண்டி ஆசியாவில் முட்டி, முட்டின இடம் மடிந்து எழும்பியதுதான் இமயமலை. இன்றைக்கும் முட்டிக்கொண்டே இருக்கிறது. வேகம், விரல் நகம் வளரும் வேகம்.

நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி பாக்கியம் அடுப்படியிலிருந்து, "கத்திரி வெட்டிருச்சா?" என்றாள். "இல்லடி, இந்தியா போற வேகத்தப் பாக்குறேன்." "சொவத்துல ஒரு பலகை அடிச்சுத் தாங்கன்னு கேட்டு வருஷமாச்சு. அது நகரல. இந்தியா நகருதாம்."

செல்விக்கு ஒரு கவலை. காகிதத்தில் ஆப்பிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் வெட்டி ஒட்டிப் பார்த்தாள். பொருந்துகிறது. ஆனால் அங்கங்கே சந்து விழுகிறது. "ஒண்ணா இருந்துச்சுன்னா ஏன் சந்து விழுதுன்னு நடுவர் கேட்டா என்னப்பா சொல்லுவேன்?" எனக்குத் தெரிந்த ஒரே பதில்: துணி சுருங்கிப் போச்சு. சொல்லவில்லை.

நவம்பர் 12, வியாழன்

நல்ல வெயில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம்.

காலையில் யானைமலையை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். தினமும் பல் தேய்க்கும்போது எதிரே கிடப்பதுதான். செல்வி சொல்கிறாள், அந்தப் பாறை பூமிக்குள் ஆழத்தில் உருவானதாம். மேலே இருந்ததெல்லாம் கரைந்து போய் இது வெளியே வந்ததாம். இமயமலை எழும்புவதற்கு எத்தனையோ காலம் முந்தியது. "அப்ப இமயமலை நம்ம மலைக்குத் தம்பியா?" "தம்பி இல்லப்பா, பேரனுக்குப் பேரன்."

இதைச் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா? கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சொன்னேன். வக்கீல் குருநாதனும் சிக்கினார். கோட்டு அகலப்படுத்தியாயிற்று, போட்டுப் பார்க்க வந்தவர்.

"இந்தியா நகந்து வந்துச்சா? பார்த்த சாட்சி யாரு மாஸ்டர்?"

"இமயமலை மேல கடல் சிப்பி கெடக்காம் சார். தடயம்."

"எவனாச்சும் கொண்டுபோய்ப் போட்டிருப்பான்."

"கல்லோட கல்லா இறுகிக் கெடக்காம் சார். ஆப்பிரிக்காவுலயும் தென் அமெரிக்காவுலயும் ஒரே மாதிரிச் செடி கல்லாப் போயிக் கெடக்காம். நடுவுல அம்புட்டுப் பெரிய கடலு. செடி நீந்துமா?"

"யாருய்யா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"எம்மக."

சொல்லும்போது டேப் கழுத்தில் மாலை மாதிரி இருந்தது.

சாயந்திரம் ஒரு அடி. கண்காட்சிக்கு நான் வரக் கூடாதாம். போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை அம்மாவிடம், "டீச்சர், உங்க ரவிக்கையில ஒரு கை அரை இஞ்ச் ஏத்தம், எந்தக் கடையில தச்சீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். உதவி செய்வதாக நினைப்பு. செல்வி ஒரு வாரம் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாள். இன்று கெஞ்சிக் கூத்தாடி ஒரு சமரசம். வரலாம். வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை கூட.

"ம்" சொல்லலாமா என்றேன். அதுவும் கூடாதாம்.

நவம்பர் 14, சனி

மேகமூட்டம். நாசமாப் போன நாள்.

செல்வி துணிகளில் வரைந்து கொடுத்திருந்தாள். தென் அமெரிக்கா பச்சைப் பாப்ளின். ஆப்பிரிக்கா காப்பிக்கொட்டை நிறம், யாரோ மாப்பிள்ளை பேண்ட் மிச்சம். இந்தியாவுக்கு நான் ஆசைப்பட்டு எடுத்து வைத்திருந்த ஆரஞ்சு. கடைக்குக் கொண்டுபோய் வெட்டினேன். கத்திரி வெண்ணெய் மாதிரி ஓடியது. பெருமையாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிள்ளை விரித்துப் பார்த்தது. முகம் மாறியது.

"அப்பா, கோட்டு மேல வெட்டச் சொன்னேன்ல?"

கோட்டுக்கு வெளியே. எல்லாக் கண்டத்துக்கும். சுற்றிலும் ஒரே சீராக. உள்ளே மடித்துத் தைக்கத் துணி விட்டு வெட்டியிருக்கிறேன். ஆப்பிரிக்காவுக்கு நாளைக்குத் தொப்பை போட்டால் பிரித்து விடலாம்.

"நான் வேணா இப்பவே ஓரத்த வெட்டிர்றேன் தாயி."

"தொடாதீங்க." அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாக்கியம் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் விஷயம் பெரிது.

நவம்பர் 15, ஞாயிறு

மழை கொட்டுகிறது. கடை லீவு. நல்ல நாள். எழுதவே கை துடிக்கிறது.

காலையில் செல்வி தரையில் உட்கார்ந்து, கூடுதல் ஓரத்தை வெட்டுவதற்கு முன்னால் சும்மா ஒரு தடவை ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா இரண்டு துணியையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காகிதத்தில் விழுந்த சந்து பாதி இல்லை.

எழுந்து ஓடிப்போய் டீச்சர் கொடுத்த தடிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு படித்துச் சொன்னாள். நிலம் கடற்கரையோடு முடிவதில்லையாம். தண்ணீருக்கு அடியில் ஆழம் குறைந்த மேடையாகக் கொஞ்ச தூரம் போய், அதற்கப்புறம்தான் சரிந்து ஆழக் கடலில் இறங்குகிறதாம். அந்த மேடை ஓரம்தான் கண்டத்தின் நிஜமான ஓரம். பொருத்திப் பார்த்தால் அங்கேதான் பொருத்திப் பார்க்க வேண்டுமாம்.

"அப்ப நான் வெட்டுனது சரியா?"

"தப்புதான்ப்பா. நீங்க எல்லாப் பக்கமும் ஒரே அளவு விட்டுருக்கீங்க. நெசத்துல ஒரு பக்கம் அகலமாவும் ஒரு பக்கம் ஒடுக்கமாவும் இருக்கும். ஆனா உங்க தப்பப் பாத்துத்தான் எனக்குத் தோணுச்சு."

புத்தகத்துப் படத்தை வைத்து மத்தியானம் முழுவதும் திருத்தினாள். தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில் அகலம், அங்கே துணி ஒட்டுப் போட்டோம். ஆப்பிரிக்காவில் ஒடுக்கம், அங்கே வெட்டினோம். அவள் வரைந்த கடற்கரைக் கோட்டின் மேல் நான் வெள்ளை நூல் ஓட்டினேன். கோட்டுக்கு வெளியே உள்ள பகுதிக்கு வெளிர் நீலச் சாட்டின். திரும்பச் சேர்த்து வைத்தோம். நூல் ஓட்டிய கரைக்கும் கரைக்கும் நடுவே இடைவெளி, ஆனால் வெளி ஓரம் இரண்டும் கைகோத்துக்கொண்டன.

நான் கைதட்டினேன். "அப்பா, இருபதாம் தேதி இதுவும் கூடாது."

நவம்பர் 17, செவ்வாய்

தூறல். கடைக்குத் தாமதம்.

பழைய கட்டிங் டேபிள் பலகையில் நடுவே நீளமாகச் சந்து அறுத்தாயிற்று. அடியிலிருந்து நீலத் துணியின் இரண்டு முனைகள் அந்தச் சந்து வழியே மேலே வந்து, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் போகும். அதுதான் கடல் தரை. மேலே இரண்டு கண்டமும் தைத்திருக்கிறது. ஓரத்தில் நூல் இழுத்தால் சந்திலிருந்து புதுக் கடல் வந்துகொண்டே இருக்கும், கண்டங்கள் பிரிந்துகொண்டே போகும். அடேயப்பா. பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன். செல்வி, "நூல் தேஞ்சுரும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

இந்தியாதான் தகராறு. தள்ளினால் ஆசியாவுக்கு அடியில் சர்ரென்று நுழைகிறது, பைக்குள் கை விட்ட மாதிரி. செல்வி: "கடல் தரை கனம், அது அடியில போகும். நிலம் லேசு, அம்புட்டுச் சுலபமாப் போகாது, மடிஞ்சு மேல வரணும்." ஆசியாவுக்கு உள்ளே, கோட்டுக்கு விறைப்புத் தரும் கேன்வாஸ் வைத்து, ஓரத்தில் கயிறு வைத்துத் தடிமனாகத் தைத்தேன். இந்தியாவுக்கு லேசாகக் கஞ்சி. இப்போது தள்ளினால் முட்டி நிற்கிறது. இன்னும் தள்ளினால் வடக்கே அழகாக மடிப்பு எழும்புகிறது.

பாக்கியம் எட்டிப் பார்த்து, "இமயமல நல்லா வந்துருக்கு" என்றாள். அவள் வாயால் நல்லா இருக்கு என்று கேட்டது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கடையில் வக்கீல் குருநாதன். கோட்டை வாங்க வந்தார். தப்பாக வெட்டியது, அதிலிருந்து பிள்ளை கண்டுபிடித்தது, எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டேன். அவர் ரொம்பக் கவனமாகக் கேட்டார். "எந்தப் பள்ளிக்கூடம்னு சொன்னீங்க?" என்று வேறு கேட்டார். மனுஷன் நல்லவர்.

நவம்பர் 19, வியாழன்

மனுஷன் நல்லவர் என்று எழுதியதை அடிக்கலாமா என்று பார்க்கிறேன்.

நாளைக்கு நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் கல்லூரிப் பேராசிரியை. இன்னொருவர் பள்ளி வளர்ச்சிக் குழுவிலிருந்து வருகிறார். வக்கீல் குருநாதன். செல்வி சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு நூல் கண்டு சுற்றப் போய்விட்டாள்.

அவர் தொழிலே சாட்சியை மடக்குவது. மடக்க வேண்டிய விஷயத்தை நானே சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

செல்வியிடம் சொல்லலாம் என்று போனேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். குரலில் நடுக்கம் இல்லை. சொல்லாமல் திரும்பிவிட்டேன். சொன்னது தப்பா, சொல்லாதது தப்பா, இப்போது அதுவும் குழப்பம்.

நவம்பர் 20, வெள்ளி

வெயில். காலையில் சலவைச் சட்டை. வாயைக் கட்டிக்கொண்டு போனேன்.

கூடம் முழுக்க எரிமலை. சோடா உப்பும் வினிகரும் நுரைத்து வழிகிறது. ஒரே புளித்த வாடை. மூலையில் எங்கள் உலகம். பஸ்ஸில் கொண்டுவந்ததில் ஆசியா ஒரு பக்கம் கழன்றிருந்தது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, குனிந்து ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து நடுவர்கள் வந்துவிட்டார்கள். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. அப்படியே நின்றேன்.

செல்வி ஆரம்பித்தாள். நூலை இழுத்தாள், கடல் பிறந்தது, கண்டங்கள் பிரிந்தன. இந்தியா போய் முட்டியது, மடிப்பு எழுந்தது. பேராசிரியை அம்மா குனிந்து குனிந்து பார்த்தார். எரிமலைக்காரப் பிள்ளைகள் கூட வந்து நின்றுவிட்டார்கள்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். புதிதாக அகலப்படுத்திய கோட்டைத்தான் போட்டிருந்தார்.

"எல்லாம் சரிம்மா. இந்த வெளிர் நீல ஓரம் இருக்கே, இது உங்க அப்பா தப்பா வெட்டுனதாமே? தப்பா வெட்டுன துணிய மறைக்கத்தான் கடலுக்கடியில மேடை, அது இதுன்னு ஜோடிச்சியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை. அவளுக்கு விளங்கிவிட்டது, யார் சொன்னது என்று. எனக்கு "இல்ல சார்" என்று கத்த வேண்டும் போலிருந்தது. உதட்டில் குண்டூசி. நல்லவேளை. நான் ஏதாவது சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

பிள்ளை நிமிர்ந்தது.

"ஆமா சார். அப்பா தப்பாத்தான் வெட்டுனாங்க. ஒரே அளவா விட்டுருந்தாங்க. நான் படத்தப் பாத்து, அகலமா இருக்க வேண்டிய எடத்துல ஒட்டுப் போட்டு, ஒடுக்கமா இருக்க வேண்டிய எடத்துல வெட்டிருக்கேன். புத்தகம் இந்தா இருக்கு. ஆனா மேடை ஜோடிச்சது இல்ல சார். நீங்க போட்டுருக்கிற கோட்டுலயே இருக்கு."

"என் கோட்டுலயா?"

"அப்பா, காட்டுங்கப்பா."

நான் வாயில் ஊசியோடு போய், வக்கீலின் கோட்டு ஓரத்தைப் பிடித்து உட்புறம் திருப்பிக் காட்டினேன். பக்கத் தையல். பிரித்து விட்டது போக இன்னும் மடிந்து கிடக்கும் மிச்சத் துணி. பழைய தையல் போன தடம் வரிசையாகப் புள்ளி புள்ளியாக.

செல்வி விரலை வைத்துச் சொன்னாள். "வெளிய பாத்தா தையல் இருக்கிற எடந்தான் துணி முடியிற எடம்னு தோணும். ஆனா துணி உள்ள இன்னும் போகுது. தையல் இன்னைக்கு இங்க இருக்கு, முன்னால அங்க இருந்துச்சு. கடற்கரையும் அப்படித்தான் சார். தண்ணி ஏறுனா உள்ள வரும், எறங்குனா வெளிய போகும். ரெண்டு துண்டு ஒரே துணிதானான்னு பாக்கணும்னா தையல வச்சுப் பாக்கக் கூடாது. வெட்டுன ஓரத்த வச்சுப் பாக்கணும்."

பேராசிரியை அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், எத்தனை தடவை தண்ணி ஏறியிருக்கு?" என்றார். வக்கீல் தன் கோட்டின் உட்புறத்தைத் தானே இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. அப்புறம் தொப்பை குலுங்க அவரும் சிரித்தார். "மாஸ்டர், சுருங்குனது துணி இல்லன்னு இம்புட்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேய்யா."

நான் குண்டூசிகளைக் காட்டினேன்.

எங்கள் உலகம்தான் மாவட்டத்துக்குப் போகிறது. எரிமலை ஒன்றும் போகவில்லை.

பஸ்ஸில் செல்வி பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "பேசாதீங்கப்பா, இன்னும் வீடு வரல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள். ஒத்தக்கடை நிறுத்தம் வந்தும் எழுப்ப மனசில்லை. ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தோம், தலையில் உலகத்தோடு. எதிரே யானைமலை. வணக்கம் போட்டேன். பெரியவர் அல்லவா.

நவம்பர் 22, ஞாயிறு

லேசான சாரல். பாக்கியத்துக்குச் சுவரில் பலகை அடித்துக் கொடுத்தேன். கொஞ்சம் சாய்வு. "நகருது" என்றேன். முறைத்தாள்.

நேற்று வக்கீல் குருநாதன் கடைக்கு வந்து, புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். "உள்ள நல்லாத் தாராளமா விடுங்க" என்றார். செல்விக்கு என்று ஒரு நல்ல பேனா கொடுத்தார். மனுஷன் நல்லவர். அடிக்காமல் விட்டது சரிதான்.

மாதிரிக்கு முன்னால் வைக்கும் அட்டையைச் செல்வி புதிதாக எழுதியிருக்கிறாள். கண்டங்கள் நகர்வது எப்படி. அடியில் அவள் பெயர், வகுப்பு. அதற்கும் அடியில், சின்ன எழுத்தில்: வெட்டியவர், அப்பா.

இதை நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். "தப்பா வெட்டியவர்னு போட எடம் பத்தல" என்றாள்.

மாவட்டத்துக்கு நானும் போகலாம். பேசலாமா என்று கேட்டேன். யோசித்தாள். யாராவது கேட்டால் மட்டும், யார் உடுப்பைப் பற்றியும் இல்லாமல், ஒரே ஒரு வாக்கியம் பேசலாமாம். என்ன வாக்கியம் என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்தாயிற்று. "இது எம்மக" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

நாளைக் காலை இந்தியாவுக்கு இஸ்திரி போட வேண்டும். இமயமலை மடிப்பு மட்டும் கலையக் கூடாதாம்.